கரையில் நின்று கேட்டவள்

ஆஸ்திரேலியாவில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, செருப்பில் மண் இருக்கிறதா என்பது. தருமபுரிப் பக்கத்து இண்டூரிலிருந்து போகிறவளின் செருப்பில் மண் இல்லாமல் வேறென்ன இருக்கும்? விமான நிலையத்து அதிகாரி ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு என் செருப்பை வாங்கிப் போனார். கழுவித் துடைத்துக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். என் செருப்பை இன்னொருவர் கழுவியது என் வாழ்நாளில் அன்றுதான். கேழ்வரகு மாவை மோந்து பார்த்தார், புளியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடலை உருண்டைப் பொட்டலத்தை ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அதில்தான் வம்பு இருந்தது என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஊர் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. என் தங்கை ஸ்டெல்லா சிட்னியில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். அவளும் அவள் வீட்டுக்காரரும் வேலை தேடி அங்கே போனபோது மகள் ஷெரினை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை என்னிடம்தான் வளர்ந்தாள். எனக்குப் பிள்ளை கிடையாது. இந்த ஜனவரியில் அவளை அழைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஆறு மாதமாக அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் கேட்டால் பதில் சொல்கிறாள். காது சரியாக இருக்கிறது, தொண்டை சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரீட்சைத் தாளில் இங்கிலீஷை ஒழுங்காக எழுதவும் செய்கிறாள். வாயை மட்டும் திறப்பதில்லை.

"மூணு வாரம் இருந்து பாருக்கா," என்று ஸ்டெல்லா போனில் சொன்னாள். "சரிப்பட்டு வரலன்னா நீயே கூட்டிக்கிட்டுப் போயிரு. திரும்பறதுக்கு ரெண்டு டிக்கெட்டாதான் போட்டிருக்கோம்."

ஐயோ பாவம் என்று வாய் சொன்னது. மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். இதை மறைத்தால் மேற்கொண்டு எழுதுவதெல்லாம் பொய்யாகிவிடும். அவள் பேசக்கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை, அவ்வளவு மோசம் இல்லை. பேச வேண்டும் என்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

முதல் இரண்டு நாள் தூக்கத்தில் போயிற்று. மூன்றாம் நாள் தனியாகக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பஸ் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன், பஸ் போய்விட்டது. கை நீட்டினால்தான் நிறுத்துவார்களாம். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு கையையும் தூக்கினேன். ஏதோ ஆபத்து என்று நினைத்து அந்த டிரைவர் இறங்கியே வந்துவிட்டார். இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். தருமபுரி டவுன் பஸ்ஸில் யாராவது நன்றி சொல்லி இறங்கினால், இந்த ஆள் டிக்கெட் எடுத்தாரா என்றுதான் கண்டக்டருக்குச் சந்தேகம் வரும். நானும் சொல்லிப் பார்த்தேன். ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கியிருந்தேன், அது வேறு விஷயம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. இண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றுதான் கண் முதலில் போகும். ஷெரினின் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போடுவதில்லை. ஆளுக்கொரு டப்பாவில் குளிர்ந்த ரொட்டி, நறுக்கிய ஆப்பிள், குச்சி குச்சியாகக் கேரட். ரொட்டியில் கறுப்பாக ஒன்றைத் தடவிக்கொள்கிறார்கள். நக்கிப் பார்த்தேன். புளிக்காத, இனிக்காத, வெறும் உப்பு. அதை விரும்பிச் சாப்பிடுகிற பிள்ளைகள் எதையும் தாங்கும் என்று தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை ஷெரினின் வகுப்பைச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள், துணைக்குப் பெரியவர்கள் வேண்டும் என்று கடிதம் வந்தது. ஸ்டெல்லாவுக்கு டியூட்டி. என்னை அனுப்பினாள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மஞ்சள் நிறத்தில் ஒரு மேலங்கி கொடுத்தார்கள். சேலைமேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டர்மேல் மஞ்சள் அங்கி. ரோடு போடுகிற ஆள்போல இருந்தேன். ஆறு பிள்ளைகள் என் பொறுப்பு, அதில் ஷெரினும் ஒருத்தி.

போன இடம் ஒரு விரிகுடா. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்துக் கப்பல் ஒன்று வந்து நின்ற இடம். அங்கே காலகாலமாக வாழ்ந்த மக்களும் வெள்ளைக்காரர்களும் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்தது அந்தக் கரையில்தானாம். நாலாம் வகுப்புக்கு அது பாடம். நம் பிள்ளைகளைச் சுற்றுலா என்றால் ஒகேனக்கலுக்குக் கூட்டிப்போய் மீன் வறுவல் வாங்கிக் கொடுத்துத் திரும்புவோம். இங்கே கையில் ஆளுக்கொரு அட்டையும் பென்சிலும் கொடுத்திருந்தார்கள்.

பஸ்ஸில் போகும்போது அந்தக் கடலை உருண்டையை எடுத்தேன். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வெறுங்கையோடு உட்காருவது எனக்கு ஆகாது. என் வரிசைக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். பின் வரிசைக்கும் நீட்டினேன். ஒரு பையன் வாய்க்குக் கொண்டுபோகும்போது டீச்சர் எழுந்து ஓடி வந்தார். கிளேர் என்று பெயர், சாதுவான பெண். அவர் ஓட்டத்தைப் பார்த்து நான் பாம்பு ஏதோ என்று காலைத் தூக்கிக்கொண்டேன். நிலக்கடலை பட்டாலே மூச்சு அடைத்துப் போகிற பிள்ளை ஒருவன் வகுப்பில் இருக்கிறானாம், பள்ளிக்கூடத்துக்குள் கடலையே கொண்டுவரக் கூடாதாம். உருண்டைகள் எல்லாம் திரும்பி வந்தன. எல்லார் கையும் ஈரத்தாளால் துடைக்கப்பட்டது, என் கையும். ஷெரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடலைக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். கடலையால் உயிர் போகும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பஸ் நின்ற இடத்தில் எங்களுக்கு வழிகாட்ட டானா என்று ஒரு பெண் காத்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி, ஜலதோஷம், கையில் கசங்கிய கைக்குட்டை. அந்த மண்ணின் பூர்வகுடி அவள்தான் என்று டீச்சர் சொன்னார். நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். என்னைவிட நாலு மடங்கு வெளுப்பு, மூக்கெல்லாம் புள்ளி. பக்கத்தில் நின்ற வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்னைக் காட்டி, அந்தச் சிவப்புச் சேலை அம்மாதான் பூர்வகுடியா என்று தன் டீச்சரிடம் கேட்டது. டானாவுக்கு அது காதில் விழுந்து சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்தது. "இல்லை கண்ணு, அந்த அம்மா இன்னும் பெரிய கடலைத் தாண்டி வந்தவங்க," என்று அவளே பதில் சொன்னாள்.

பாறைகள் ஒரு வரிசையாகக் கிடந்தன. அதற்கு அப்பால் புல்வெளி, புல்வெளி முடிகிற இடத்தில் கடல். டானா எங்களைப் பாறைக்கு இந்தப் பக்கமே நிறுத்தினாள். அவள் சொன்னதை என் அரைகுறை இங்கிலீஷில் பிடித்தவரை எழுதுகிறேன். அவர்கள் வழக்கப்படி அடுத்தவர் பூமிக்குள் யாரும் நேராக நுழைய மாட்டார்கள். எல்லையில் நின்று குரல் கொடுப்பார்கள். உட்கார்ந்து காத்திருப்பார்கள். அந்த இடத்துக்காரர் வந்து கூப்பிட்ட பிறகுதான் கால் வைப்பார்கள். அரை நாள் ஆனாலும் காத்திருக்க வேண்டியதுதான். "கப்பலில் வந்தவர்கள் அதைச் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள். நான் அந்த மரத்தடிக்குப் போகிறேன், நீங்கள் குரல் கொடுங்கள், நான் கூப்பிடும்போது வாருங்கள்," என்றாள்.

இது எனக்குப் புதுசு இல்லை. எங்கள் பக்கம் ஆளில்லாத தோட்டத்துக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் மொள்ள வேண்டுமென்றாலும், மோட்டார்க் கொட்டாயைப் பார்த்து "தண்ணி எடுத்துக்கறோங்க" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம்பட்சம். இதற்காக விமானம் ஏறி வந்து பாடம் கேட்க வேண்டுமா என்றுகூட நினைத்தேன்.

டானா மரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். பிள்ளைகள் ஹலோ, ஹலோ என்று கத்தினார்கள். அவள் திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஒரு நிமிடம் பொறுத்தார்கள். கடல் கண்ணெதிரே இருக்கிறது. ஒருவன் பாறையைத் தாண்டினான், அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஓடியது. தண்ணீரில் இறங்கிவிடப் போகிறார்கள் என்று கிளேர் டீச்சர் பின்னாலேயே ஓடினார். மற்றத் துணையாட்களும் ஓடினார்கள். என் ஆறு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள்.

ஷெரின் போகவில்லை. பாறைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு வலது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டினாள்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிந்தி வந்த பிள்ளை வகுப்பு வாசலில் அப்படித்தான் நிற்கும். கையை நீட்டிக் கேட்டு, டீச்சர் "கமின்" என்று சொன்ன பிறகுதான் காலை உள்ளே வைக்கும். தலைமையாசிரியரே வந்தாலும் அந்தப் பிள்ளை நகராது. தினமும் காலையில் எத்தனை பேர் சாப்பாட்டுக்கு என்று கேட்கப் போகும்போது நானும் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

"எஸ்க்யூஸ்மீ மிஸ், மே ஐ கமின் மிஸ்?"

அதே ராகம், ஒரே மூச்சில், கடைசி மிஸ்ஸை இழுத்து. நல்ல சத்தமாக. கடல்காற்றையும் தாண்டிக் கேட்டது.

டானா திரும்பினாள். ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தாள், தனியாக நின்றவளைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "வா, உள்ளே வா. கேட்டதற்கு நன்றி," என்றாள். ஷெரின் "தேங்க்யூ மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பாறையைத் தாண்டி நடந்து போனாள். எனக்கு முதலில் மார் குளிர்ந்தது. அடுத்த நிமிடம் அந்த இரண்டாவது டிக்கெட் ஞாபகம் வந்தது. இரண்டும் உண்மை. அவள் குரல் காதில் விழுந்தது டானாவுக்கும் எனக்கும் மட்டும். கிளேர் டீச்சர் அலையோரத்தில் பையன்களைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு டானா கதையைச் சொன்னாள். கப்பல்காரர்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. கரையில் இரண்டு ஆண்கள் ஈட்டியோடு நின்று வராதே என்று காட்டினார்கள். படகில் வந்தவர்கள் ஆணியும் பாசிமணியும் வீசினார்கள். பிறகு துப்பாக்கியால் சுட்டார்கள். கரையேறிப் போய்ப் பார்த்தால் குடிசையில் சின்னப் பிள்ளைகள் ஒளிந்திருந்தன. அங்கே கொஞ்சம் மணிகளைப் போட்டுவிட்டு ஈட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் வந்து பார்த்தபோது மணிகள் போட்ட இடத்திலேயே கிடந்தன, யாரும் தொடவில்லை. நல்ல மனதோடு கொடுத்ததாகத்தான் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று டானா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். என் பையில் கிடந்த உருண்டைகளை நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தோம். நல்லவேளை, அன்று கடலைச் சட்னி அரைக்கவில்லை. வகுப்பில் ஏன் பேசுவதில்லை என்று அதுவரை நான் அவளைக் கேட்டதே இல்லை. பதில் கிடைத்துவிடுமோ என்று பயம். அன்று கேட்டேன்.

ஷெரின் இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். முதல் நாள் அவள் வகுப்பு வாசலில் கையை நீட்டி நின்று கேட்டிருக்கிறாள். கிளேர் டீச்சர் யாருக்கோ ஷூ கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. பிள்ளைகள் அவள் நின்ற விதத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பையன் பிணம் எழுந்து நடப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு நடந்து காட்டினான். இவள் கையை இறக்காமல் மணியடிக்கிற வரை நின்றாள். அப்புறம் யாரோ முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டார்கள்.

"யாருமே கமின் சொல்லல பெரிம்மா," என்றாள். "இன்னி வரைக்கும் சொல்லல. உள்ளயே வரச் சொல்லாதப்போ எப்டிப் பேசறது?"

நியாயமான கேள்வி. ஆறு மாதமாக அந்தப் பிள்ளை வகுப்புக்குள் உட்கார்ந்தபடியே வாசலில் நின்றிருக்கிறது. டாக்டருக்குத் தெரியவில்லை, பெற்றவளுக்குத் தெரியவில்லை. இப்போது எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் ஒரு நிமிட வேலை. சொல்லாவிட்டால் இரண்டு டிக்கெட்.

நான் சொல்லவில்லை. பஸ்ஸில் டீச்சர் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். ஷெரின் எப்படி இருந்தாள் என்று கேட்டார். "குட், குட்," என்றேன். ஸ்டெல்லாவும் கேட்டாள், அவளுக்கும் அதையே தமிழில் சொன்னேன். சனிக்கிழமை ஸ்டெல்லா ஷெரினுக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தாள். அதை வைத்துக்கொண்டு அடுக்களையில் அழுதாள். நான் தேற்றினேன். தேற்றுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனோம். இங்கிலீஷ் பூசை. எங்கே முழங்கால் போடுவது, எங்கே எழுந்திருப்பது என்பதற்கு மொழி தேவையில்லை, எல்லாம் ஒன்றுதான். சமாதானம் சொல்லும் நேரத்தில் முன்பின் தெரியாத ஆறு பேர் திரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொரு கையும் என்னைத் திருடி என்று கண்டுபிடித்துவிட்டதுபோல இருந்தது.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். பெரியம்மாவோடு ஊருக்கு வர உனக்கு ஆசையா என்று ஷெரினைக் கேட்டேன். என்ன பதில் வேண்டும் என்று முடிவு பண்ணி வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வரேன் பெரிம்மா. அங்க கமின் சொல்லுவாங்க இல்ல?"

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்து வருடம் தூக்கி வளர்த்ததுக்கு இவ்வளவுதானா என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் அடங்க ஒரு பெரிய பக்கெட் துணி மடிக்க வேண்டியிருந்தது. மடித்து முடித்தபோது அவள் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை நானே அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். மணியடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. வகுப்பில் கிளேர் டீச்சர் மட்டும் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று கையை நீட்டினேன். நாற்பத்தாறு வயதில் அப்படி நிற்பது பார்க்க நன்றாக இருந்திருக்காது. "எஸ்க்யூஸ்மீ மிஸ், மே ஐ கமின் மிஸ்?"

வாருங்கள், வாருங்கள், இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா என்று அவர் சிரித்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் சேர்த்துச் சொன்னேன். இந்தியாவில் பள்ளிக்கூடத்தில் கேட்க வேண்டும். டீச்சர் சொல்ல வேண்டும். முதல் நாள் இவள் இங்கே நின்றாள். கேட்டாள். நீங்கள் சொல்லவில்லை. இவள் இன்னும் உள்ளே வரவில்லை. கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னேன்.

கிளேர் டீச்சரின் முகம் காதுவரை சிவந்தது. கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். எங்களை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். எனக்குத் திக்கென்றது. உள்ளே அவர் தன் மேசைப் பக்கம் நடந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு, கதவைத் திறக்கலாம் என்று குரல் வந்தது. நான் திறந்தேன். ஷெரின் கையை நீட்டினாள், கேட்டாள். அவர் அவளை நேராகப் பார்த்து, "கம் இன், ஷெரின்," என்றார். "தேங்க்யூ மிஸ்," என்று இவள் உள்ளே போய்ப் பையை மாட்டிவிட்டு ஒரு நாற்காலியை இறக்கினாள். என்னையும் டீச்சர் கூப்பிட்டார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடுப்பில் ஒரு வேலையும் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன், மூன்று நாள் மறைத்ததையும் சொன்னேன். ஒரு டிக்கெட் போதும் என்றேன். "அக்கா," என்று மட்டும் சொன்னாள். அதற்குள் இரண்டு பஸ் நிற்காமல் போய்விட்டன. என்னால் கையைத் தூக்க முடியவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்போது கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். பெற்றோர் எல்லாரும் உள்ளே போய்த் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டார்கள். ஷெரின் செம்பட்டை முடிக்காரி ஒருத்தியோடு படியில் நின்றிருந்தாள். எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அந்தப் பெண் சிரித்தது. என்னைப் பார்த்துவிட்டாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். இருங்க பெரிம்மா என்று கையைக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

அவள் கூப்பிடும் வரை நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன்.